பெயர் நிலைத்தது, கடை போயிற்று

சென்ட்ரலை ஒட்டியுள்ள புறநகர் மின்சார ரயில் முனையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் தினமும் போய்வருகிறவர்கள் கால அட்டவணையில் அதை ‘எம்எம்சி’ என்ற மூன்றெழுத்தாகப் பார்த்துப் பழகியவர்கள். 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் தேதி எரிந்துபோனது. நிலம் ரயில்வேயின் கைக்கு வந்தது. சந்தையின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து முனையத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். செந்நிறச் சுவர், வளைவுகள், மூலைக் கோபுரங்கள் எல்லாம் அதில் அளவாக அமைந்திருக்கின்றன. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி, முயல், ஓட்டை உடைசல் சாமான் என்று அங்கே விற்றவை எதுவும் மாதிரிக்குள் அடங்கவில்லை, அடங்கவும் முடியாது. சென்னை தன் பழமையைக் காக்கவும் கொண்டாடவும் எடுத்த முயற்சிகளின் நாற்பதாண்டுக் கதையில் இந்த நிலைமை திரும்பத் திரும்ப வருகிறது. பெயர் நிற்கிறது, சில சமயம் சுவரும் நிற்கிறது, உள்ளே நடந்த காரியம் போய்விடுகிறது. காரியம் போன பிறகு சுவரும் நெடுநாள் தாங்குவதில்லை.

இந்த ஊரில் பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்றியது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், சட்டமும் பட்டியலும் விழாவும் பின்வரிசையில்தான் நிற்கின்றன. முன்வரிசையில் இருப்பது வேலை. அதிலும் இரண்டு வகை உண்டு. கட்டடத்துக்குள் நடக்கிற வேலை ஒன்று: வழக்காடுவது, பாடம் நடத்துவது, தபால் பிரிப்பது, புத்தகம் விற்பது. கட்டடத்தின் மேல் நடக்கிற வேலை இன்னொன்று: சுண்ணாம்பு அரைப்பது, தளம் போடுவது, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பது. இரண்டும் தொடர்ந்த இடத்தில் கட்டடம் நின்றிருக்கிறது. ஒன்று நின்றுபோன இடத்தில் தள்ளாடியிருக்கிறது. இரண்டும் நின்றுபோன இடத்தில் விழுந்திருக்கிறது. இது உண்மையானால், மரபைக் காப்பது என்ற பெயரில் நாம் இதுவரை தவறான பொருளின் மேல்தான் கவனம் வைத்திருக்கிறோம்.

மூர் மார்க்கெட்டே இதற்கு முதல் சான்று, முதல் எதிர்ச்சான்றும் கூட. பிராட்வே பகுதியில் சுகாதாரக் கேடாக இருந்த பழைய பாப்ஹாம் சந்தைக்கு மாற்றாக, மாநகராட்சியின் அன்றைய தலைவர் சர் ஜார்ஜ் மூர் காலத்தில் எழுந்தது அது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிக் கடைகள். நிழல் தேடி உள்ளே நுழைகிறவரும் ஒரு சுற்று சுற்றாமல் வெளியேற முடியாத அமைப்பு. எரிந்த அன்றுவரை சந்தையில் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால், உள்ளே வேலை நடந்தும் கட்டடம் தப்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே வேலை செய்தவர்கள் வேறு, கட்டடத்துக்கு உரியவர்கள் வேறு. வியாபாரிகள் வாடகைக்காரர்கள். அந்த நிலத்தின் மேல் ரயில்வேக்குக் கண் விழுந்து பல காலம் ஆகியிருந்தது. கடைக்காரர்கள் நகர மறுத்துக்கொண்டிருந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பதைப் பற்றிய சந்தேகப் பேச்சு ஊரில் இன்றும் ஓயவில்லை. அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்தாலும் ஒன்று தெளிவு: தீக்குப் பிறகு கட்டடத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் வளைவுகளைப் பற்றியும் செங்கல்லைப் பற்றியும் எழுதினார்கள். கடைக்காரர்களுக்கு அருகே அல்லிக்குளத்தில் மாற்று வளாகம் கிடைத்தது. பழைய புத்தகக் கடைகள் சில அங்கே போயின. ஆனால் சென்ட்ரலில் இறங்கி, ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று சும்மா உள்ளே நுழைந்த கூட்டம் கூடவே போகவில்லை. பழைய புத்தக வியாபாரம் அந்தக் கூட்டத்தை நம்பியது. தேடி வருகிறவரை மட்டும் நம்பி எந்தப் பழைய புத்தகக் கடையும் பிழைத்ததில்லை.

மாறாக, தப்பிப் பிழைத்த இரண்டு கட்டடங்கள் மெரினா கடற்கரைச் சாலையிலேயே இருக்கின்றன. ஒன்று, தமிழகக் காவல்துறைத் தலைமையகம். 1839இல் பிரீமேசன்கள் தங்கள் சங்கத்துக்காகக் கட்டியது. பிறகு காவல்துறைக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டுப் பலமாடிக் கட்டடம் எழுப்ப அரசு முடிவெடுத்தபோது மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கட்டடம் சீரமைக்கப்பட்டு அதே காவல்துறை அங்கேயே தொடர்ந்தது. இன்னொன்று, 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. 2003இல் அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்ததும் மாணவிகள் கல்லூரி வளாகத்தை விட்டு நகரவில்லை. ஊர் அவர்கள் பக்கம் திரும்பியது, அரசு பின்வாங்கியது. அந்த மாணவிகள் யாரும் கட்டடக்கலை பற்றிப் பேசவில்லை. தங்கள் வகுப்பறை, தங்கள் விடுதி, தங்கள் அம்மாவும் பாட்டியும் படித்த இடம் என்றுதான் பேசினார்கள். ஒரு கட்டடத்துக்காக வாதாட அதைவிட வலுவான மொழி எந்த மரபுப் பட்டியலிலும் இல்லை. கல்லூரி மாணவிக்கு அந்த இடத்தின் மேல் உரிமைப் பத்திரம் கிடையாதுதான். சந்தை வியாபாரிக்கும் கிடையாது. ஆனால் மாணவியின் பேச்சைக் கேட்க ஊருக்குக் காது இருந்தது. கிளி விற்றவனின் பேச்சைக் கேட்க இருக்கவில்லை. இதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி சட்டத்தின் கதை. சென்னையின் மரபுக் கட்டடங்களுக்கென்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முதல் பெரிய பட்டியல் எப்படி உருவானது என்று தெரிந்தால் சிரிப்பு வரும். ஊரெங்கும் விளம்பரப் பலகைகள் பெருகிக் கிடந்தன. எந்தெந்தக் கட்டடங்களை அவை மறைக்கின்றன என்று பார்க்க நீதிபதி ஈ. பத்மநாபன் தலைமையிலான குழு 467 கட்டடங்களைத் தொகுத்தது. விளம்பரப் பலகையை அகற்றப் போட்ட பட்டியலே பிறகு மரபுப் பட்டியலாகிவிட்டது. அண்ணா சாலையில் 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காக எழுந்து, பின்னாளில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று பெயர்பெற்று, காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யிடம் வந்த மாளிகையை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது, பட்டியலுக்கு மதிப்பளித்தது, பெருநகர வளர்ச்சிக் குழுமம் மரபுப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்கவும் வழி செய்தது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் பத்தாண்டுக்கு மேல் நடைமுறைக்கு வராமல் ஏட்டிலேயே கிடந்தது. வழக்கில் வென்ற அந்த அண்ணா சாலை மாளிகையோ தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் பாதி இடிந்த நிலையில், செடி முளைத்துத் தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றது. இடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தால் சொல்ல முடியும். உள்ளே ஒரு மருந்துக்கடையை வைத்து நடத்த நீதிமன்றத்தால் முடியாது. ஆர்மீனியன் தெருவில் 1915இல் எழுந்த கோகலே மண்டபத்தின் கதியும் இதுதான். அன்னி பெசன்டின் ஹோம் ரூல் பேச்சுகளைக் கேட்ட மண்டபத்தை உரிமையாளர்களே இடிக்கத் தொடங்க, தடையாணை வந்து பாதியில் நிறுத்தியது. கூரையற்ற மண்டபத்தைத் தடையாணை வெயிலிலும் மழையிலும் காத்துக்கொண்டிருந்தது.

கொண்டாட்டத்தின் கதை வேறு விதம். அது சட்டத்தைவிட வேகமாக வளர்ந்தது. ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழை நடத்திய எஸ். முத்தையாவும் இரண்டு பத்திரிகை நண்பர்களும் சேர்ந்து 2004இல் ‘மெட்ராஸ் டே’ என்ற விழாவைத் தொடங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குத் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர் கடற்கரைத் துண்டு நிலத்தை வழங்கிய 1639 ஆகஸ்ட் 22 அதற்கு ஆதாரம். தேதியிலேயே தகராறு உண்டு; ஆவணத்தில் ஜூலை என்று இருக்கிறது, ஆனால் ஜூலை 22இல் டே இங்கே வந்து சேரவேயில்லை என்பார்கள். அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சாந்தோமில் ஆங்கிலேயருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே போர்த்துக்கீசியர் இருந்தார்கள். பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி இந்த மண்ணின் மனித வரலாற்றைக் கற்காலத்துக்கே கொண்டுபோகிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு வெள்ளைக்காரன் நிலம் வாங்கிய நாளை ஊரின் பிறந்தநாளாக்குவது என்ன நியாயம்? மயிலாப்பூருக்கு மூத்த வயது என்பதில் மறுப்பில்லை. ஆனால் மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் எழும்பூரையும் புரசைவாக்கத்தையும் ஒரே நிர்வாகத்துக்குள் இழுத்துப் போட்டு ஒரு பெருநகரமாக்கிய விசை ஆங்கிலேயர் அந்த நிலத்தில் கட்டிய கோட்டையிலிருந்துதான் கிளம்பியது. 1688இல் மாநகராட்சி அமைந்ததும் அதன் தொடர்ச்சியே. பிறந்தநாளைக் கொண்டாடுவதற்கும் பெற்றவனைப் போற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. அந்த விழாவை எடைபோட வேண்டிய இடம் தேதி கிடையாது. ஆகஸ்ட்டில் நடைபோட்டுக் கட்டடங்களைப் பார்க்கிற கூட்டம் செப்டம்பரில் அவற்றுக்கு என்ன செய்கிறது என்பதில்தான் எடை இருக்கிறது. விழாவுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: தெருவைப் படிக்கத் தெரிந்த ஒரு பொதுமக்கள் கூட்டத்தை அது உண்டாக்கியிருக்கிறது. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் ஒரு கட்டடம் இடிபடும்போது பத்திரிகைக்குச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

வெள்ளைக்காரன் கட்டியதை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சென்னை தன் கையாலேயே விடை எழுதியிருக்கிறது. அதைப் படிக்க அரசினர் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே 1802இல் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்ஹாம் ஒரு விருந்து மண்டபம் கட்டினார். பிளாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளின் நினைவுச் சின்னம் அது. திப்பு சுல்தான் வீழ்ந்ததைக் கொண்டாடக் கட்டிய மண்டபத்தைவிட வெறுக்கத்தக்க நினைவுச் சின்னம் நமக்கு வேறென்ன வேண்டும்? விடுதலைக்குப் பிறகு அதற்கு ராஜாஜி மண்டபம் என்று பெயர் வந்தது. பெயர் மாற்றம் மட்டும் அதைக் காப்பாற்றியிருக்காது. 1969இல் அண்ணாவின் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தது அந்த மண்டபத்தின் அகன்ற படிக்கட்டின் தலையில். 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி என்று தமிழகம் தன் தலைவர்களுக்கு விடைகொடுக்கும் இடமாக அது ஆகிவிட்டது. விருந்தினர் ஏறிப்போக அமைத்த உயரமான படிகள், கீழே கடலாக நிற்கும் கூட்டத்துக்கு மேலே உள்ளவர் தெரியும்படி அமைந்துவிட்டன. பிளாசியை அங்கே யாரும் நினைப்பதில்லை. அதே தோட்டத்தில், சில எட்டு தூரத்தில், ஆளுநர்கள் குடியிருந்த அரசினர் மாளிகை இருந்தது. அதற்கு இப்படி ஒரு புதிய வேலை கிடைக்கவில்லை. புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அதை இடித்தார்கள். 2010இல் திறந்த அந்த வளாகத்தில் சட்டமன்றம் ஓராண்டு அளவுக்கே நடந்தது. 2011இல் ஆட்சி மாற்றத்தோடு கோட்டைக்கே திரும்பியது. புதிய கட்டடம் மருத்துவமனையாயிற்று. மருத்துவமனையாக அது நன்றாகவே ஓடுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஒரே வளாகம், ஒரே காலம், ஒரே அரசின் சொத்து. ஒன்று நின்றதற்கும் மற்றது போனதற்கும் கட்டடக்கலை மதிப்பு காரணமாகத் தெரியவில்லை.

இன்னொரு விடையும் உண்டு. அது சுவருக்குள்ளேயே இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு வரைபடம் போட்டவர்கள் பெயரைப் பாடப்புத்தகம் சொல்லும். செங்கல்லைச் சுட்டுக் கொண்டுவந்து எழுப்பிய ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. அருங்காட்சியக வளாகத்து விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் கைவேலை. ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். அவர்களுக்குக் கீழே பெயரில்லாத கொத்தனார்களும் தச்சர்களும் சித்தாள்களும். இவர்கள் கையில் இருந்த இரண்டு வித்தைகளைச் சற்று அருகே போய்ப் பார்க்கலாம். முதலாவது, ஊர்ப் பெயராலேயே ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று வழங்கிய தளம். தேக்கு உத்திரங்களைச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திக் கோணல் வரிசையில், மூலையிலிருந்து தொடங்கிச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒவ்வொரு கல்லும் முன் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காய்ந்தபின் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும்வரை தட்ட வேண்டும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரண்டாவது, சுவர்ப் பூச்சு. கழிமுகத்தில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை மை போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கடைசிப் பூச்சை ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சலவைக்கல் என்று ஏமாந்து தொட்டுப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள் உண்டு.

இந்த வித்தை நூலில் எழுதிவைத்து மீட்கக்கூடியது அல்ல. சாந்து எந்தப் பதத்தில் போதும் என்பதைக் கைதான் சொல்லும். சிமென்ட் வந்ததும் கை அதை மறந்தது. மறந்ததன் விளைவு வெறும் அழகுக் குறைவு என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் பொடிந்து, உப்புப் பூத்து, உத்திரத்தின் முனை உளுத்துப் போகும். சென்னையின் பல பழைய கட்டடங்களை இடிப்பவர்களைக் காட்டிலும் ‘ரிப்பேர்’ செய்தவர்களே அதிகம் கெடுத்திருக்கிறார்கள். ஒழுகுகிறது என்று தளத்தின் மேல் சிமென்ட் கலவையைக் கொட்டி, பாரம் தாங்காமல் உத்திரம் வளைந்து, கடைசியில் ‘பாதுகாப்பற்ற கட்டடம்’ என்று சான்று வாங்கி இடிப்பதுவரை ஒரே சங்கிலி.

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம் எழும். உள்ளே வேலை நடப்பதே கட்டடத்தைக் கொல்லும் என்பதற்கும் சான்று நிறைய இருக்கிறதே? 1768இல் நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் அரசு அலுவலகங்கள் நெடுங்காலம் இயங்கின. 2012 ஜனவரியில் தீப்பிடித்தபோது கோப்புக் கட்டுகளும் மரத் தடுப்புகளும் விறகாகின. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 1884இல் கட்டிய தலைமை அஞ்சலகமும் 2000இல் எரிந்தது. அலுவலகப் பயன்பாடு என்றால் தொங்குகூரை, குளிர்சாதனம், தாறுமாறான மின்கம்பி, ஜன்னலை அடைத்த அலமாரி. கோயில்களை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். இடைவிடாத பூசையும் பன்னிரண்டு ஆண்டுக்கொரு குடமுழுக்கும் நடக்கிற தமிழ்நாட்டுக் கோயில்களில்தான் மணல் வீச்சு இயந்திரத்தால் சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கின. பழைய ஓவியத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். கருங்கல் தரையில் குளியலறை ஓடு பதித்தார்கள். அப்படியானால் உயிருள்ள பயன்பாட்டைவிடப் பூட்டிவைத்த மௌனமே மேல் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன்: எந்த வேலையும் கட்டடத்துக்கு நல்லது என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன எல்லாக் கேடுகளிலும் உள்ளே வேலை இருந்தது, மேலே வேலை இல்லை. கோப்பு அடுக்கிய அதிகாரிக்குக் கட்டடம் ஒரு கூரை மட்டுமே. அதைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஓர் ஆள் இருக்கவில்லை. கோயிலில் ஸ்தபதியும் சுதை வேலைக்காரரும் நின்ற இடத்தில் குறைந்த விலைப்புள்ளிக்காரர் நின்றார். எரிந்த கலச மகாலைப் பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பொதுப்பணித்துறை மீட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இன்று அங்கே அமர்கிறது. அந்த அனுபவத்தில் தேர்ந்த கைகள் பக்கத்திலிருந்த ஹுமாயூன் மகாலுக்கும் போயின. தீயால் விளைந்த ஒரே நன்மை, செத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்குச் சில ஆண்டுக் கூலி கிடைத்ததுதான்.

பூட்டிவைப்பது என்ன தரும் என்பதற்குச் சேப்பாக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து 1870களில் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், பல ஆண்டு புறக்கணிப்புக்குப் பின் பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி நன்கொடை திரட்டிச் சீரமைக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடியும் சுவரோவியமும் மீண்டன. அதன்பின் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பூட்டுக்குள் புறாவும் ஈரமும் திரும்பி வந்தன. விக்டோரியா பொது மண்டபத்தின் பாடு இன்னும் நீளம். பொதுமக்கள் நன்கொடையில் 1880களில் எழுந்த அந்த மண்டபத்தில்தான் 1896 டிசம்பரில் இந்த ஊர் முதன்முதலாகச் சலனப்படத்தைப் பார்த்தது. 1891இல் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை பல காலம் அங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறுவது கௌரவக் குறைவில்லை என்று சென்னைக்குக் கற்றுக்கொடுத்த மேடை அது. நாடகம் போனது, குத்தகைத் தகராறு வந்தது, கதவு சாத்தியது. மாநகராட்சி 2023இல் பெரும் செலவில் அதைப் புதுப்பிக்கத் தொடங்கியது. பாராட்ட வேண்டிய காரியம். இனி அங்கே எத்தனை படங்களை மாட்டுகிறார்கள் என்பது எனக்குப் பெரிதில்லை. கையில் காசில்லாத ஒரு நாடகக் குழு சனிக்கிழமை மாலைக்கு அந்த மேடையை வாடகைக்கு எடுக்க முடியுமா, விளக்கும் ஒலியும் சேர்த்து எவ்வளவு கேட்பார்கள் என்பதில்தான் மண்டபத்தின் அடுத்த ஐம்பது ஆண்டு இருக்கிறது.

தொழில் தானாகச் சாகும்போது அதைச் செயற்கையாக உயிர்ப்பிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கிராமபோன் தட்டு விற்கிறவனை அரசு சம்பளம் கொடுத்து உட்காரவைக்க வேண்டுமா? வேண்டாம். நவாபு இல்லாத அரண்மனையில் தீர்ப்பாயம் உட்காரலாம், விருந்து மண்டபம் துக்க மண்டபமாகலாம். வேலை மாறுவதில் குற்றமில்லை. மாறுகிற வேலைக்கும் கட்டடத்தின் உடலுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதோடு, இருக்கிற வேலையை விரட்டிவிட்டுப் பிறகு வெற்றுக் கூட்டுக்கு வேலை தேடுகிற வழக்கத்தையாவது கைவிடலாம். ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கும்போது வயது, கட்டியவர், பாணி, தரம் ஆகியவற்றோடு இன்று அங்கே யார் என்ன செய்கிறார், எத்தனை தலைமுறையாக, எந்த உரிமையில் என்ற விவரமும் எழுதப்பட்டால், அந்த ஆள் வெளியேற்றப்படும்போது அதுவும் கட்டடத்துக்கு நேர்ந்த சேதமாகப் பதிவாகும். இப்போது கார்னிஸ் உடைந்தால் சேதம். கடைக்காரர் போனால் காலியிடம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமானது: தனியார் வீடு. இதுவரை சொன்ன கட்டடங்களில் பெரும்பாலானவை அரசுடையவை, அல்லது அரசைச் சார்ந்த நிறுவனங்களுடையவை. ஒரு மனுப் போட்டு அரசைத் தடுக்கலாம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டின் சொந்தக்காரரை எதைக் காட்டித் தடுப்பது? அவர் கேட்பது நியாயம்: ஊரின் அழகுக்காக நான் ஏன் ஒழுகும் கூரையின் கீழே படுக்க வேண்டும், நான்கு பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டிய மனையை ஏன் ஒற்றை வீடாக வைத்திருக்க வேண்டும்? பம்பாய் 1995இலேயே மரபு விதிகளைக் கொண்டுவந்து, கட்ட முடியாமல் போன பரப்பளவு உரிமையை வேறு இடத்துக்கு மாற்றி விற்க வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விற்க விரும்புகிறவரின் நட்டத்தை ஈடுகட்டும் ஏற்பாடு. விற்க விரும்பாமல் அந்த வீட்டிலேயே வாழ நினைக்கிற, ஐப்பசி மழைக்கு முன் தளத்தைச் சரிசெய்ய வழி தெரியாத முதியவருக்கு அதில் ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும், இரண்டு சித்தாளும், அவர்களுடைய பத்து நாள் கூலியில் ஒரு பங்கும். அரசுக் கட்டடங்களை மீட்டெடுத்த வேலைகளில் தேர்ந்த கைகள் இந்த ஊரில் இப்போது கொஞ்சம் இருக்கின்றன. அடுத்த பெரிய ஒப்பந்தம் வரும்வரை அவர்களில் பலர் சிமென்ட் வேலைக்குத்தான் போகிறார்கள். ஆகஸ்ட் விழாவுக்கு ஆகிற செலவில் ஒரு பகுதியை எடுத்து, தெருவுக்கு நான்கு வீடு என்று மழைக்கு முன் தளம் பார்த்துக் கொடுக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கினால், பட்டியலில் இடம்பெறாத வீடுகளும் நிற்கும், அந்தக் கொத்தனாரின் மகனும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டான்.